அலுவலகம் முடிந்த பிறகு எழுத்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலைக்குப் போய்க்கொண்டே கதையும் கவிதையும் எழுதுவது குறித்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த மாதம் பதில் அளிக்கிறேன். பெயரைத் தவிர்க்கும்படி சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லோருக்குமே பணியையும் ஊரையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர இரவு ஒன்பது ஆகிவிடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாவலைத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் எழுத முடிகிறது. மூன்றாம் அத்தியாயத்தை இன்னும் தாண்டவில்லை. நேரம் கிடைத்தால் முடித்துவிடுவேன். எப்படி நேரத்தை உண்டாக்குவது?
(மென்பொருள் பொறியாளர், சோழிங்கநல்லூர்)

பதில்: ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் என்று கொண்டாலும், இரண்டு ஆண்டுகளில் 300 மணி நேரத்தை இந்த நாவலுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு நாவலின் முதல் வரைவுக்கு அது தாராளமாகப் போதும். அந்த நேரம் எங்கே போனது என்பதற்கும் உங்கள் கடிதத்தின் பின்பகுதியிலேயே விடை இருக்கிறது. உட்கார்ந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவதாகவும், படிக்கும்போது உறுத்தும் இடங்களைத் திருத்துவதாகவும், திருத்தி முடிப்பதற்குள் களைத்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆறு நாள் இடைவெளியில் கதை உங்கள் மனத்திலிருந்து முற்றாக விலகிப்போகிறது. ஆறிப்போன தோசைக்கல்லை வாரத்துக்கொரு முறை புதிதாகக் காய வைப்பதிலேயே எரிவாயு தீர்ந்துவிடுகிறது. நேரக் குறைவைவிட இந்த இடைவெளிதான் வேலைக்குப் போகிற எழுத்தாளர்களின் பெரும்பாலான படைப்புகளை அரைகுறையில் நிறுத்துகிறது என்பது, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்ததிலிருந்து எனக்கு ஏற்பட்டிருக்கும் உறுதியான எண்ணம்.

எனவே வார நாட்களில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். கூடுதலாக ஒதுக்கினால் இரண்டாவது வாரத்திலேயே கைவிட்டுவிடுவீர்கள். அந்த இருபது நிமிடத்தில் 200 சொற்கள் எழுத முடிந்தால் ஐந்து நாட்களில் 1,000, ஓராண்டில் ஏறத்தாழ 50,000. தமிழில் அது 200 பக்கத்துக்குக் குறையாத நாவல். சில நாட்களில் இரண்டு வாக்கியம்தான் வரும், வரட்டும். அடுத்து என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்போதே எழுத்தை நிறுத்திவிட்டு, அடுத்த வாக்கியத்தின் முதல் நான்கு சொற்களை மட்டும் எழுதிவைத்துவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் யோசனையில்லாமல் அந்த வாக்கியத்தை முடிப்பீர்கள், முடித்த கையோடு அடுத்ததும் வரும். முதல் இரண்டு அத்தியாயங்களை வேறொரு கோப்புக்கு மாற்றி, முழு வரைவும் முடியும்வரை அதைத் திறக்காமல் இருப்பது நல்லது.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படித்துவிட்டு, பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதியதாக, அவர் இறந்த பின் 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் சொல்கிறார். ரயிலில் போகும்போது பென்சிலால் எழுதுவாராம். இதைச் சொல்பவர்கள் வழக்கமாக விட்டுவிடும் இரண்டு செய்திகளும் அதே நூலில் இருக்கின்றன. அதிகாலையில் அவரை எழுப்புவதற்கென்றே வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். பென்சிலில் எழுதியதைப் படியெடுத்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி. ஆகவே கால் மணிக்கு 250 சொற்கள் என்ற வேகத்தை நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை. முந்தைய நாள் எழுதியதை மட்டும் படித்துவிட்டுத் தொடர்வது என்ற அவருடைய முறையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்துக்குப் போகவே போகாதீர்கள்.

நிறுவனப் பேருந்தில்தான் போய்வருகிறீர்கள் என்றால் பழைய மாமல்லபுரம் சாலையின் நெரிசலே உங்களுக்கு இருபது நிமிடத்தைக் கொடுத்துவிடும். கைபேசியில் தமிழ் விசைப்பலகையும் குரல்வழித் தட்டச்சும் இருக்கின்றன. குரல்வழித் தட்டச்சு பேச்சு வழக்கு உரையாடல்களைக் கண்டபடி எழுதிவைக்கும்; ஆனால் மறுநாள் உங்களுக்கே நினைவூட்டிக்கொள்வதற்கு அது போதும்.

கேள்வி: எழுதுவதற்கு ஏற்ற நேரம் அதிகாலையா, இரவா?
(ஆய்வக நுட்பநர், கரூர்)

பதில்: தூக்கத்தைப் பறிக்காத நேரம் எதுவோ அது. பிராகில் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய காஃப்கா, 1912 செப்டம்பர் 22 அன்று இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மறுநாள் காலை ஆறு மணிக்குள் ஒரு சிறுகதையை ஒரே மூச்சில் எழுதி முடித்தார் என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவருக்கு அலுவலகம் பிற்பகல் இரண்டு மணிக்கே முடிந்துவிடும் என்பதையும், தூக்கமின்மையும் தலைவலியும் அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டின என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் மாதிரிகளை மாற்றிவிடாமல் இருக்க உங்களுக்குத் தெளிந்த தலை வேண்டும்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். இரண்டு குழந்தைகள், மாமனார், மாமியார் உள்ள வீடு. நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த உடனே எல்லோருக்கும் என்னிடம் ஏதோ ஒரு வேலை வந்துவிடுகிறது. கணவர் நல்லவர், எழுதக் கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் என்னால் எழுத முடியவில்லை.
(பட்டதாரி ஆசிரியை, திருநெல்வேலி)

பதில்: எழுதக் கூடாது என்று சொல்லாமல் இருப்பதும், எழுதுவதற்கு வழிவிடுவதும் வெவ்வேறு செயல்கள். உங்கள் கணவர் முதலாவதைச் செய்திருக்கிறார். இரண்டாவதை அவரிடம் நீங்கள் வெளிப்படையாகக் கேட்டதாகக் கடிதத்தில் தெரியவில்லை. "கொஞ்சம் எழுத வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால், வீட்டில் யாருடைய காதிலும் அது ஒரு வேலையாக விழாது. "இரவு எட்டரை முதல் ஒன்பதேகால் வரை நான் உள்ளறையில் இருப்பேன், அந்த நேரத்தில் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் மாமாவின் மாத்திரையும் உங்கள் பொறுப்பு" என்று நேரத்தையும் பொறுப்பையும் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். முதல் பத்து நாட்கள் மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கதவு தட்டப்படும். அங்கேயிருந்தே பதில் சொல்லுங்கள். எழுந்து போய் எடுத்துக் கொடுத்தீர்களானால் அந்த ஏற்பாடு அன்றோடு முடிந்தது.

இந்த இடத்தில் கவிஞர் சல்மாவை எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பலர் அறிவுரை வழங்குகிறார்கள். துவரங்குறிச்சியில் குடும்பத்தின் எதிர்ப்புக்கு நடுவே இரவில் கழிப்பறைக்குள் ஒளிந்து எழுதியதையும், அந்தக் கவிதைகள் தம் தாயார் வழியாக வெளியே போய்ச் சேர்ந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். அந்த மன உறுதிக்கு முன் தலைவணங்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் காட்டி, "அவரால் முடிந்தது, உங்களால் ஏன் முடியாது?" என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் ஒளிந்து எழுத நேர்ந்ததைப் பிறருக்கு வழிமுறையாக்குவது, அவரை ஒளிய வைத்தவர்களை நியாயப்படுத்துவதில்தான் போய் முடியும். ஆண் எழுத்தாளர் ஒருவர் வந்திருந்தால் நான் இதே கேள்விக்குக் காலையில் சீக்கிரம் எழுந்திருங்கள் என்று சுருக்கமாகச் சொல்லியிருப்பேன். உங்களிடம் அதைச் சொல்ல மாட்டேன். ஐந்து மணிக்கே எழுந்து சட்டினி அரைப்பவரிடம் நான்கு மணிக்கு எழுந்து எழுதச் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

பள்ளி ஆண்டின் போக்கையும் கணக்கில் கொள்ளுங்கள். அரையாண்டுத் தேர்வும் ஆண்டுத் தேர்வும் நடக்கும் வாரங்களில், விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே புதிதாக எதையும் தொடங்காதீர்கள். அப்போது எழுதவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், கடைசியாக எழுதிய பக்கத்தைப் படித்துப் பார்த்தால் போதும், தொடர்பு அறுந்துவிடாது. ஜூன் முதல் நவம்பர் வரை வரைவு, கோடை விடுமுறையில் திருத்தம் என்று பிரித்துக்கொண்டால் ஓராண்டில் நான்கைந்து சிறுகதைகள் உருப்படியாகத் தேறும்.

கேள்வி: அலுவலகத்தில் பார்ப்பவற்றையெல்லாம் உடனுக்குடன் குறித்துவைக்கிறேன். நேரம் கிடைக்கும்போது எடுத்துப் பார்த்தால் ஒன்றும் எழுத வருவதில்லை. குறிப்புகள் செத்துப்போய்க் கிடக்கின்றன.
(கூட்டுறவு வங்கி எழுத்தர், தேனி)

பதில்: நீங்கள் அனுப்பியிருக்கும் குறிப்புகளில் ஒன்று இது: "நகைக்கடன். வயதான அம்மா. கம்மலை அடகு வைத்தார். மனம் கனத்தது." இதில் உங்கள் மனம் கனத்த செய்தி இருக்கிறது, அந்த அம்மா இல்லை. ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது கனமும் போயிருக்கும், மிஞ்சுவது ஒன்றுமில்லை.

கடிதத்தின் இறுதியில், வேறு ஏதோ சொல்லவந்து, அதே நிகழ்ச்சியை மறுபடி குறிப்பிட்டிருக்கிறீர்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அளவாக ஒடித்துக் கொண்டுவந்திருந்த இரண்டு துடைப்பக் குச்சிகளை எடுத்துக் காதுத் துளைகளில் செருகிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். கதை அங்கேதான் இருக்கிறது. குச்சியை அவர் வீட்டிலேயே ஒடித்து எடுத்துவந்திருக்கிறார். கம்மல் உடனே திரும்பி வராது என்பதும், துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும் என்பதும், ஆகவே என்றாவது அதை மீட்கப்போகிறோம் என்பதும், எல்லாம் கிளம்பும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கின்றன. உங்கள் குறிப்பில் இருக்க வேண்டியது அந்தக் குச்சி மட்டுமே. கை என்ன செய்தது, எந்தப் பொருளைத் தொட்டது, வாய் என்ன சொன்னது என்று மூன்றில் ஒன்றை அப்படியே எழுதிவையுங்கள். உங்களுக்கு ஏற்பட்ட உணர்ச்சியை எழுதாதீர்கள். இப்படிக் குறிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, வரிசையில் அடுத்து நிற்பவரைக் காக்கவைக்கவும் வேண்டியிருக்காது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் கணக்கு விவரம் உங்கள் கதைக்குச் சொந்தமில்லை. ஊரையும் தொகையையும் உறவுமுறையையும் மாற்றிவிடுங்கள். குச்சியை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: மத்திய அரசு ஊழியர் நான். கதை வெளியிட அலுவலக அனுமதி வேண்டுமா? அந்தத் தயக்கத்திலேயே எழுதாமல் இருக்கிறேன். புனைபெயரில் எழுதினால் சிக்கல் வராதல்லவா?
(மத்திய அரசு ஊழியர், திருச்சி)

பதில்: 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகளில் 15ஆம் விதியைப் பாருங்கள். அலுவல் பணிகளுக்குக் குந்தகம் ஏற்படாதவரை, இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த பணிகளை எப்போதாவது மேற்கொள்வதற்கு முன் அனுமதி தேவையில்லை என்று அது சொல்கிறது. கதையும் கவிதையும் அதில் அடங்கும். புத்தகமாக வெளியிடும்போது, அதில் உள்ளவை சொந்தக் கருத்துகளே, அரசின் கருத்துகள் அல்ல என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்று 8ஆம் விதி சொல்கிறது. முன்பக்கத்தில் ஒரு வரி போட்டால் ஆயிற்று.

புனைபெயர் குறித்து நீங்கள் நினைப்பது சரியில்லை. அரசின் நடப்புக் கொள்கையையோ அண்மைக்கால நடவடிக்கையையோ பாதகமாக விமர்சிப்பதைத் தடுக்கும் 9ஆம் விதி, சொந்தப் பெயர், பெயரின்மை, புனைபெயர், பிறர் பெயர் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. புனைபெயரை அழகுக்காக வைத்துக்கொள்ளலாம், அரணாக நம்ப முடியாது. மாநில அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் தனி விதிகள் இருப்பதால், அவர்கள் தங்கள் அலுவலக நிர்வாகப் பிரிவில் கேட்டுக்கொள்வதே முறை.

கேள்வி: வாரத்தில் ஐந்து நாள் வெளியூர். லாட்ஜ் அறை, டார்கெட், மருத்துவமனை வராந்தா. நிலையான மேசையும் நேரமும் இல்லாதவன் எப்படித் தொடர்ந்து எழுதுவது?
(மருந்து விற்பனைப் பிரதிநிதி, கோயம்புத்தூர்)

பதில்: நாஞ்சில் நாடன் மும்பையில் தனியார் நிறுவன ஊழியராகவும், விற்பனைப் பணிக்காகப் பல மாநிலங்களைச் சுற்றியவராகவும் இருந்துகொண்டுதான் எழுதினார். அவருடைய முதல் நாவல் 1977இல் வந்தது. சாகித்திய அகாதெமி விருது 2010இல் கிடைத்தது. அலைச்சல் மிகுந்த வேலை எழுத்தைக் கொல்லும் என்பதற்கு எதிரான சாட்சியாக அவர் ஒருவரே போதும்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நீங்கள் தொல்லையாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் அழைக்கும்வரை நோயாளிகளோடு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லோரும் கைபேசியைப் பார்க்கும் அந்த நேரத்தில், கடைசியாக எழுதிய காட்சியை மனத்துக்குள் ஓட்டிப்பாருங்கள். அடுத்த உரையாடலை உதட்டசைவில் சொல்லிப்பாருங்கள். இரவு லாட்ஜில் உட்காரும்போது எழுதவேண்டியது ஏற்கெனவே உருவாகியிருக்கும். வடிவத்தையும் உங்கள் வாழ்க்கைக்கு ஏற்றபடி தேர்ந்துகொள்ளலாம். பெரிய நாவலின் வரைபடமும் பாத்திரப் பட்டியலும் பயணப்பைக்குள் அடங்காது; ஒரே வராந்தாவில் நடக்கும் ஏழெட்டுக் கதைகள் அடங்கும்.

கேள்வி: வயது இருபத்தொன்பது. வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளனாகிவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். ஆசி வேண்டும்.
(காப்பீட்டு நிறுவன ஊழியர், மதுரை)

பதில்: ஆசிக்கு முன் ஒரு கணக்கு. தமிழ்ப் புத்தகத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் உரிமைத்தொகை விலையில் பத்து விழுக்காடு. 300 ரூபாய்ப் புத்தகம் 500 படிகள் விற்றால் உங்கள் பங்கு 15,000 ரூபாய். ஓராண்டு உழைப்பில் எழுதிய புத்தகம் அது என்றால், மதுரையில் அது எத்தனை மாத வீட்டு வாடகைக்கு வரும் என்பதை நீங்களே போட்டுப்பாருங்கள்.

அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து எழுத்தையே வாழ்க்கையாகக் கொண்டார். அதைத்தான் நீங்களும் நினைத்திருப்பீர்கள். அதற்கு முன்னால் பதினான்கு ஆண்டு அவர் அங்கே வேலை பார்த்திருந்தார்; சினிமா உலகத்தை வைத்து எழுதிய 'கரைந்த நிழல்கள்' அந்த ஆண்டுகள் இல்லாமல் பிறந்திருக்காது. வேலையை விட்ட பிறகான அவருடைய வாழ்க்கை பொருளாதார வகையில் எளிதாக இருக்கவில்லை என்பதும் மறைவானதன்று. நீங்கள் வேலையை விட்டால் நேரம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் மாதக் கடைசியில் பணத்துக்காகத் தொடர்களையும் விளம்பர வாசகங்களையும் எழுதத் தொடங்கினால், அலுவலகம் எடுத்துக்கொண்ட நேரத்தோடு, அது விட்டுவைத்திருந்த மொழியையும் சேர்த்து இழப்பீர்கள். ஓராண்டுச் செலவுக்கான சேமிப்பும், முடிந்த ஒரு கைப்பிரதியும் கையில் வந்த பிறகு மீண்டும் எழுதுங்கள். அப்போது என் பதில் வேறாக இருக்கலாம்.

கேள்வி: இன்னும் நான்கு ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறேன். அதன் பிறகு நிம்மதியாக எழுதலாம் என்று இருக்கிறேன். சரிதானே?
(மின்வாரியப் பணியாளர், ஈரோடு)

பதில்: சரியில்லை. முப்பதைக் கடந்த பிறகே கதை எழுத வந்த கி. ராஜநாராயணன் போன்றவர்கள் இருக்கிறார்கள், ஆகவே வயதைப் பற்றி நான் பேசவில்லை. ஓய்வுபெற்றவரின் பகலைக் குடும்பம் வெகு விரைவில் பங்கு போட்டுக்கொள்ளும்: பேரனின் பள்ளி வேன், ரேஷன் கடை, வங்கி, ஊரிலுள்ள எல்லாக் கல்யாணங்களும். எழுதும் பழக்கம் ஏற்கெனவே இருந்தால்தான் அவற்றுக்கு நடுவே ஒரு மணி நேரத்தைக் காப்பாற்ற முடியும். இந்த நான்கு ஆண்டுகளில் மாதத்துக்கு ஒரு கதை வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒன்று எழுதினாலே ஒரு தொகுப்புக்கு ஆகும்.

கேள்வி: சிறுகதைப் போட்டிக்கு இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன. இரண்டு நாள் விடுப்பு எடுத்து உட்கார்ந்து எழுதி அனுப்பிவிடலாமா?
(அஞ்சலக ஊழியர், சிதம்பரம்)

பதில்: விடுப்பை முதலிலேயே எடுக்காதீர்கள். நாளை முதல் ஆறு நாட்கள், வேலைக்குப் போய்வந்துகொண்டே நாளொன்றுக்கு ஒரு பக்கம் வீதம் வரைவை எழுதிவிடுங்கள். ஏழாம் நாளும் எட்டாம் நாளும் விடுப்பு எடுத்து, முதல் நாள் காலையில் கைப்பிரதியைத் தாளில் அச்செடுத்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடங்களைக் கோடிட்டு, அந்த இடங்களை மட்டும் திருத்துங்கள். மறுநாள் முழுவதையும் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். ஒன்பதாம் நாள் அனுப்பிவிடலாம். பத்தாம் நாளை மின்தடைக்கும் இணையக் கோளாறுக்கும் விட்டுவையுங்கள்.